பூஜ்யத்தை நகர்த்தியவர்

ஆய்வுக்கூடத்தின் ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன். முன்பாதியை வைத்துக்கொண்டு பின்பாதியை வெட்டிவிட்டு, பக்க அளவு காரணமாகச் சுருக்கியிருக்கிறோம் என்று திருப்பி அனுப்பினார்கள். எந்த இடத்தில் வெட்டியிருந்தார்கள் தெரியுமா? ஃபரீதா பேகம் என்ற பெயர் முதல்முறையாக வரும் வரிக்குச் சரியாக முந்தைய வரியில். பக்க அளவாம்! எனக்கு வந்த கோபத்தைப் பார்த்து என் மனைவி ரத்த அழுத்த மாத்திரையை மேசையில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். மாத்திரையை விழுங்கிவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். கோபம் குறையவில்லை. இந்த முறை தமிழில் எழுதுகிறேன், முழுதாக எழுதுகிறேன்.

நான் செல்வராஜூ. சிங்கப்பூரின் செம்பவாங் கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்தவரின் மகன். பாலிடெக்னிக், தேசிய சேவை என்ற கட்டாய ராணுவப் பயிற்சி, பிறகு ஒரு தொழிற்சாலையில் வெற்றிடப் பம்புகளைப் பிரித்துப் பூட்டும் வேலை, பகுதிநேரமாகப் படித்து ஒரு பொறியியல் பட்டம், அதற்குப் பிறகு பல்கலைக்கழக ஆய்வுக்கூடம். இந்தப் பகுதியை நீட்டி எழுத எனக்குப் பொறுமை இல்லை. படிப்பவர்களுக்கும் இருக்காது.

நாங்கள் செய்த வேலையைச் சொல்லிவிடுகிறேன். உலோகத்தின் மேற்பரப்பில் ஒளி பட்டால் எலக்ட்ரான்கள் வெளியே வரும். இது பள்ளிப் பாடத்திலேயே இருக்கிறது. நாங்கள் கேட்ட கேள்வி அடுத்தது. வெளியே வருவதற்கு முன் அந்த எலக்ட்ரான் உள்ளே என்ன பாடுபடுகிறது, எவ்வளவு நேரத்தில்? அந்த நேரத்தை எந்தக் கடிகாரமும் காட்டாது. அந்த நேரத்துக்குள் ஒளியே ஒரு தலைமுடியின் தடிமனைத் தாண்டியிருக்காது. அதனால் ஒளியையே கடிகாரமாக வைத்துக்கொள்வோம். லேசர் துடிப்பு ஒன்றை இரண்டாகப் பிரித்து, ஒன்றை முன்னால் அனுப்புவோம். அது உள்ளே இருக்கும் எலக்ட்ரான்களை உசுப்பிவிடும். அதற்கு 'பம்ப்' என்று பெயர். மற்றது பின்னால் வந்து எலக்ட்ரானை வெளியே தள்ளும். அதற்கு 'புரோப்' என்று பெயர். வெளியே வந்த எலக்ட்ரான்களின் ஆற்றலை அளப்போம். இரண்டு துடிப்புகளுக்கும் இடையிலுள்ள தாமதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி அளந்துகொண்டே போனால், உள்ளே நடந்த கதை வரிசையாகத் தெரியும்.

தாமதத்தை உண்டாக்கும் முறை கேட்டால் சிரிப்பீர்கள். ஒரு துடிப்பின் வழியில் உள்ள கண்ணாடியைத் தண்டவாளம் மாதிரியான ஒரு மேடையில் வைத்துப் பின்னால் நகர்த்துவோம். ஒளி சுற்றிக்கொண்டு வருவதால் பிந்தும். அவ்வளவுதான். இரண்டு துடிப்புகளும் ஒன்றாக வந்து மேற்பரப்பைத் தொடும்போது கண்ணாடி நிற்கும் இடம் எதுவோ அதுதான் பூஜ்யம். நாங்கள் 'ஸீரோ' என்போம். அதற்கு ஒரு பக்கம் நடப்பதெல்லாம் பம்ப் வந்ததற்குப் பிறகு. இன்னொரு பக்கம் நடப்பதெல்லாம் பம்ப் வருவதற்கு முன்பு. பூஜ்யம் பிசகினால், கதவு உடைந்தது திருடன் வருவதற்கு முன்பா பின்பா என்று தெரியாத வழக்கு மாதிரி ஆகிவிடும்.

அதனால் எங்கள் கூடத்தில் ஒரு வழக்கம் இருந்தது. காலையில் ஆய்வுப்பொருளைத் தொடுவதற்கு முன்பே, அதற்குக் கீழே பொருத்தியிருக்கும் சின்னத் தாமிரத் துண்டை ஒளியின் வழிக்குக் கொண்டுவர வேண்டும். தாமிரத்தில் இரண்டு துடிப்புகளும் ஒன்றாக விழும்போது எலக்ட்ரான் எண்ணிக்கை சட்டென்று எகிறும். எகிறும் இடத்தைக் கண்டுபிடித்தவர், அப்போது கண்ணாடி நிற்கும் இடத்தின் எண்ணை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கூட இருப்பவர் தானும் ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டுத் திருப்பிச் சொல்ல வேண்டும். அதன் பிறகு அந்த எண்ணை யாரும் தொடக்கூடாது. வேலை முடிந்ததும் மறுபடி தாமிரத்துக்குப் போய்ப் பார்க்க வேண்டும். காலைப் பூஜ்யமும் கடைசிப் பூஜ்யமும் ஒத்துப்போனால் அன்றைய அளவுகள் செல்லும். ஒத்துப்போகவில்லை என்றால் அன்று எடுத்ததெல்லாம் குப்பைக்கு. எவ்வளவு அழகான வளைவாக இருந்தாலும் குப்பைக்கு.

ஒத்துப்போகாத நாட்கள் நிறைய உண்டு. இது சிங்கப்பூர். வெளியே வேகும், உள்ளே ஏர்கான் குளிர். கட்டட நிர்வாகத்தார் விடுமுறை நாட்களில் குளிர்நீரைக் குறைத்துவிடுவார்கள். அறை கொஞ்சம் சூடானால் லேசர் மேசை விரியும், ஒளியின் பாதை நீளும், பூஜ்யம் நகர்ந்துவிடும். அந்த அறையின் வெப்பத்தைக் கட்டிக் காப்பது என் பொறுப்பு. அதில் நான் கெட்டிக்காரன். அடக்கமாகச் சொல்ல எனக்கு வராது. நான் பார்த்துக்கொண்ட அறையில் பூஜ்யம் நகர்ந்தால் எனக்குத்தான் முதலில் தெரியும்.

இந்த வழக்கத்தை உண்டாக்கியவர் எங்கள் தலைவர். எல்லோரும் அவரை 'சீஃப்' என்றே கூப்பிடுவோம், நானும் அப்படியே எழுதுகிறேன். புதிதாக யார் வந்தாலும் முதல் நாளே நிற்க வைத்து, "அளவைப் பார்த்த பிறகு பூஜ்யத்தைத் தொட்டால், தொட்ட கையோடு வீட்டுக்குப் போய்விடலாம்" என்பார். உயரமான மனிதர். யாழ்ப்பாண வழிக் குடும்பம், மூன்று தலைமுறையாக இங்கேயே படித்துப் பெரிய உத்தியோகங்களில் இருந்தவர்கள். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. துப்புரவு வேலைக்கு வருபவருக்கும் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பார். ஆங்கிலத்தில்தான் பேசுவார். என்னிடம் மட்டும், ஏதாவது காரியம் ஆக வேண்டும் என்றால், தமிழுக்கு மாறுவார். அவர் தமிழ் பேச ஆரம்பித்தால் நான் உஷாராகிவிடுவேன். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் ஏமாந்தேன். அந்தத் தமிழ் அவ்வளவு இனிமையாக இருக்கும்.

அவரிடம் இன்னொரு பழக்கமும் இருந்தது. கேள்வி கேட்பார், நாம் பதில் சொல்லத் தொடங்குவோம். தனக்கு வேண்டிய துண்டு வந்தவுடன், "நன்றி, போதும்" என்று எழுந்துவிடுவார். மிச்சம் நம் வாயிலேயே நிற்கும். ஆரம்பத்தில் இதை நான் வேகம் என்று நினைத்தேன். பெரிய மனிதர், நேரமில்லை என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஃபரீதா பேகம் முனைவர் பட்டம் முடித்து எங்கள் குழுவுக்கு ஒப்பந்தத்தில் வந்தவர். தமிழ் முஸ்லிம் குடும்பம். டன்லப் ஸ்திரீட் பக்கம் அவர் அத்தாவுக்குத் துணிக்கடை இருந்தது. வந்த புதிதில், ஆய்வுப்பொருள் இருக்கும் வெற்றிடக் கலத்தைச் சூடாக்குவதற்காக நான் அலுமினியத் தாள் சுற்றிக்கொண்டிருந்தபோது, கேட்காமலே வந்து மறுபக்கத்தைச் சுற்றினார். "கடையில துணி சுத்தி சுத்திப் பழக்கம்ணே" என்றார். அவர் சுற்றியது என்னுடையதைவிட நேர்த்தியாக இருந்தது. எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருந்தது. காலையில் பூஜ்யம் எடுப்பது அவர் வேலை, திருப்பிச் சொல்வது என் வேலை என்று ஆகிப்போனது. அவர் எண்ணைச் சொல்லும் விதத்தில் ஒரு நிதானம் இருக்கும்.

அந்த ஆண்டு சீஃப் ஒரு புதிய படிகத்தின் மேல் உயிராக இருந்தார். பம்ப் பட்டதும் அதன் மேற்பரப்பிலிருந்து வரும் எலக்ட்ரான்களின் ஆற்றல் சட்டென்று உயர்ந்தது. அதுவரை யாரும் காட்டாத வேகத்தில் உயர்ந்தது. அது உண்மையென்றால் பெரிய விஷயம். வெளிநாட்டில் இன்னொரு குழுவும் இதையே தேடிக்கொண்டிருப்பதாகச் செய்தி வந்திருந்தது. யார் முந்துவது என்ற பதற்றம் கூடம் முழுக்கப் பரவியிருந்தது.

ஒரு மதியம் ஃபரீதா என்னைக் கூப்பிட்டார். திரையில் அன்றைய வளைவு இருந்தது.

"அண்ணே, இங்க பாருங்க. பம்ப் வர்றதுக்கு முன்னாலயே ஏற ஆரம்பிக்குது."

"ஸீரோ பாத்தியாம்மா?"

"காலையில நீங்களும் பாத்தீங்கல்ல. இப்ப மறுபடி காப்பர்ல போய்ப் பாத்துட்டேன். அசையவே இல்ல."

நானும் ஒருமுறை தாமிரத்தை வழிக்குக் கொண்டுவந்து பார்த்தேன். காலையில் சொன்ன அதே எண். அறையின் வெப்பத்தைப் பார்த்தேன். ஊசி கோடு போட்டது மாதிரி நின்றது. காரணம் வருவதற்கு முன்னால் விளைவு வந்தால், நாம் அளந்துகொண்டிருப்பது வேறு ஏதோ ஒன்று என்று அர்த்தம்.

ஃபரீதா அதற்குள் யோசித்து முடித்திருந்தார். "பம்ப் ரொம்ப பலமா இருக்குண்ணே. உசுப்பிவிட வேண்டியது, அதுவே எலக்ட்ரான அள்ளி வெளிய கொட்டுது. புரோப்ல முதல்ல கிளம்புனது முன்னால போய்க்கிட்டிருக்கு. பின்னால இந்தக் கூட்டம் வந்து முதுகுல தள்ளுது. அந்தத் தள்ளுல வேகம் கூடுறத, நாம படிகத்துக்குள்ள என்னமோ நடக்குதுன்னு நெனச்சுக்கிட்டிருக்கோம்."

எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று பிடிக்காதவை, கூட்டம் சேர்ந்தால் தள்ளிக்கொள்ளும். தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை சிராங்கூன் ரோட்டில் நடந்து பார்த்தவர்களுக்கு இது புரியும். பின்னாலிருந்து தள்ளுகிற தள்ளில் நாம் வேகமாகப் போவோம். அதை அளந்துவிட்டு, ஆஹா, இவருக்கு இந்த வயதிலும் என்ன கால் வலு என்று யாராவது எழுதினால் எப்படி இருக்கும்? அதைத்தான் நாங்கள் எழுதப் போய்க்கொண்டிருந்தோம்.

சோதிக்க வழியும் இருந்தது. பம்பின் வெளிச்சத்தை நன்றாகக் குறைத்துவிட்டு மறுபடி அளக்க வேண்டும். கூட்டத்தின் வேலை என்றால் ஏற்றம் ஒரேயடியாகக் காணாமல் போகும். படிகத்தின் வேலை என்றால் அளவாகக் குறையும். ஆனால் வெளிச்சம் குறைந்தால் சமிக்ஞையும் குறையும், பொறுமையாக நாள்கணக்கில் சேர்க்க வேண்டும். ஃபரீதா கேட்டது அந்த நாட்களைத்தான். வேறு எதையும் கேட்கவில்லை.

மறுநாள் சீஃப் கூடத்துக்கு வந்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஃபரீதா சொன்னதையெல்லாம் குறுக்கிடாமல் கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பித் தமிழில் ஆரம்பித்தார்.

"செல்வம், ஏர்கான் பிசகினால் மேசை விரியும். மேசை விரிந்தால் பூஜ்யம் நகரும். சரிதானே?"

"நகரும் சீஃப். ஆனா நேத்து ரூம் டெம்பரேச்சர்ல ஒரு..."

"நன்றி செல்வம், போதும். நகரும் எண்டு செல்வமே சொல்லுறார்."

"சீஃப், நான் இன்னும் முடிக்கல. நேத்து நகரல. நானே ரெண்டாவது வாட்டி..."

அவர் அதற்குள் கணினி முன்னால் உட்கார்ந்துவிட்டார். அந்தக் காட்சியை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். வலது கையின் ஒற்றை விரலால் அம்புக்குறி விசையைத் தட்டினார். ஒவ்வொரு தட்டுக்கும் வளைவு கொஞ்சம் வலது பக்கம் நகர்ந்தது. அவசரமில்லாமல் தட்டினார். ஏற்றம் பூஜ்யத்தைத் தாண்டி, பம்ப் வந்ததற்குப் பிறகு ஆரம்பிப்பது போல ஆனதும் விரலை எடுத்தார். "இப்போது எல்லாம் ஒழுங்காக நடக்கிறது" என்று ஆங்கிலத்தில் சொல்லிப் புன்னகைத்தார்.

"சீஃப், அளவ பாத்த பிறகு ஸீரோவ தொடக்கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றேன். என் குரல் உயர்ந்துவிட்டது. பக்கத்து அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்கள்.

எழுந்து வந்து என் தோளில் கை வைத்தார். "அது புதுசா வாற ஆக்களுக்குச் சொல்லுறது, செல்வம்."

அந்தக் கையைத் தட்டிவிட்டேன். ஆமாம், தட்டிவிட்டேன். அவர் முகம் மாறவே இல்லை. கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் மரியாதையாக நடந்தது. அதுதான் என்னால் தாங்க முடியாதது. யாரும் யாரையும் திட்டவில்லை. கட்டுரையில் முதல் ஆசிரியராக உங்கள் பெயர்தான் வர வேண்டும், ஒப்பந்தத்தையும் நீட்டித்துவிடலாம் என்று சீஃப் ஃபரீதாவிடம் சொன்னார். ஃபரீதா தன் பெயர் அதில் வேண்டாம் என்றார். குறைந்த வெளிச்சத்தில் அளக்காமல் எந்த இடத்திலும் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். "உங்கள் கொள்கையை மதிக்கிறேன்" என்றாராம் சீஃப். ஒப்பந்தம் முடிந்தது, நீட்டிக்கப்படவில்லை. கடைசி நாளில் கேக் வெட்டினார்கள். சீஃப்தான் பெரிய துண்டை எடுத்து அவர் கையில் கொடுத்தார். நான் அந்தக் கேக்கைச் சாப்பிடவில்லை.

கட்டுரை வந்தது. பெரிய பத்திரிகை, பெரிய பேச்சு. ஆசிரியர் பட்டியலில் ஃபரீதா இல்லை. கடைசியில், சின்ன எழுத்தில், நன்றி சொல்லும் இடத்தில் ஒரு வரி இருந்தது. 'பூஜ்யத்தை நிர்ணயித்து உதவியதற்காக ஃபரீதா பேகத்துக்கு நன்றி.' அதைப் படித்தபோது, சரி, இந்த அளவுக்காவது நேர்மை இருக்கிறதே என்று நினைத்தேன். முட்டாள்.

சில ஆண்டுகள் போயின. அந்த வெளிநாட்டுக் குழு குறைந்த வெளிச்சத்தில் பொறுமையாக அளந்து பார்த்தது. ஏற்றம் இல்லவே இல்லை. ஃபரீதா சொன்னது அப்படியே சரி. சீஃப் ஒரு திருத்தக் குறிப்பு வெளியிட வேண்டியதாயிற்று. அதில் எலக்ட்ரான் கூட்டம் பற்றி அரை வரி இருந்தது. மிச்சமெல்லாம் பூஜ்யத்தைப் பற்றி. 'குழுவின் முன்னாள் உறுப்பினர் ஒருவர் பூஜ்யத்தை நிர்ணயித்ததில் ஏற்பட்ட பிழை காரணமாக' என்று போட்டிருந்தார்கள்.

புரிகிறதா? ஆசிரியர் பட்டியலில் ஃபரீதா பெயரே இல்லை, அவரே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். இருப்பது நன்றி சொன்ன அந்த ஒரே வரி. பூஜ்யத்தை எடுத்தவர் இவர் என்று விரல் நீட்டிக் காட்டும் வரி. திருத்தக் குறிப்பைப் படிப்பவன் பழைய கட்டுரையைப் புரட்டினால் ஐந்து நிமிடத்தில் ஃபரீதாவிடம் வந்து நிற்பான். கையெழுத்துப் போட்டவர்கள் எல்லோரும் தப்பித்தார்கள். போட மாட்டேன் என்றவர் மாட்டிக்கொண்டார்.

அன்று சீஃப் அறைக்குப் போய்க் கத்தினேன். அவர் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். "பேர் ஒண்டும் போடேல்லையே, செல்வம்" என்றார். பத்திரிகைக்கு எழுதினேன். திருத்தம் வேண்டுமென்றால் கட்டுரை எழுதியவர்களில் பொறுப்பாசிரியராக இருப்பவர் வழியாக வர வேண்டும் என்று பதில் வந்தது. பொறுப்பாசிரியர் யார்? சீஃப். துறை அலுவலகத்தில் முறையிட்டேன். குழுவின் உள்விவகாரம் என்றார்கள். அடுத்த மாதமே என்னைக் கீழ்த்தளத்துக்கு மாற்றி, திரவ நைட்ரஜன் வழங்கும் இடத்துக்குப் பொறுப்பாக்கினார்கள். சம்பளம் அதே சம்பளம். அங்கேயே இருந்து ஓய்வு பெற்றேன். ஒவ்வொரு நாளும் கோபத்தோடு போய்க் கோபத்தோடு வந்தேன். யாராவது, "விடுங்க அண்ணே, பழைய கதை" என்றால் அவரோடும் சண்டை.

ஃபரீதா மூன்று நான்கு இடங்களுக்கு விண்ணப்பித்தார். ஓர் இடத்தில் நேர்காணலில், "அந்தப் பூஜ்ய விவகாரத்தில் இருந்தவர் நீங்கள்தானே?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார்களாம். இவர் விளக்க ஆரம்பித்தார். குற்றம் சாட்டப்பட்டவர் விளக்கினால் யார் கேட்பார்கள்? கடைசியில் ஆராய்ச்சியே வேண்டாம் என்று விட்டுவிட்டார். இப்போது பிடோக்கில் ஒரு துணைப்பாட நிலையத்தில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறார்.

சில மாதங்களுக்கு முன் புதிய கூடத்தைப் பார்க்க வரச் சொன்னார்கள். சுற்றிக் காட்டியவர் டாக்டர் பிரியா, இளையவர், நல்ல மாதிரி. ஆண்டு மலருக்குப் பொறுப்பும் அவர்தான். திரையைக் காட்டி, "அங்கிள், இப்ப காலையில ஸீரோ தேட வேண்டாம்லா. சாஃப்ட்வேரே கண்டுபிடிச்சிரும். தப்பா இருந்தா டேட்டா எடுத்த பிறகு இத இழுத்து விட்டா போதும். சோ ஈஸி" என்றார். திரையில் ஒரு நீலப் பொத்தான். அவர் அதை மெல்ல இழுத்தார். வளைவு கூடவே நகர்ந்தது.

"யாரு இழுத்தா, எவ்வளவு இழுத்தாங்கன்னு எங்கயாச்சும் பதிவாகுமா?"

"அது எதுக்கு அங்கிள்?"

அங்கேயே வெடித்துவிட்டேன். சீஃப் அதைச் செய்தபோது அது தப்பு என்று அவருக்குத் தெரியும். விரலால் தட்ட வேண்டியிருந்தது, பக்கத்தில் இரண்டு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவர்கள் அதற்கு ஒரு பொத்தானே செய்து வைத்திருக்கிறார்கள், நல்ல நீல நிறத்தில்! பாவம், அந்தப் பெண் மிரண்டு போய்விட்டார். அவருக்கு அந்தக் கதையே தெரியாது. யாரும் சொல்லியிருக்கவில்லை. அதனால்தான் மலருக்கு எழுத ஒத்துக்கொண்டேன். எழுதினேன், வெட்டினார்கள். பிரியாவே தொலைபேசியில் அழைத்து, "ஸாரி அங்கிள், நான் வெட்ட வேணாம்னுதான் சொன்னேன். சீஃப் பேர்ல லெக்சர் ஹால் திறக்கப் போறாங்க, அந்தப் பார்ட் சென்சிட்டிவ்லா" என்றார். அவர் குரல் உடைந்திருந்தது. அவர்மேல் எனக்குக் கோபமில்லை.

எனவே சொல்ல வேண்டியதை இங்கே சொல்லிவிடுகிறேன். அன்று பூஜ்யம் சரியாக இருந்தது. அதை எடுத்தவர் ஃபரீதா பேகம். நானும் பார்த்தேன், காலையிலும் பார்த்தேன், மதியமும் பார்த்தேன். மேசை விரியவில்லை, அறை சூடாகவில்லை. அளவைப் பார்த்த பிறகு அதை நகர்த்தியவர் சீஃப். அவர் நகர்த்தியபோது நான் கைக்கெட்டும் தூரத்தில் நின்றுகொண்டிருந்தேன். 'நகரும்' என்று நான் சொன்னதாக யாராவது சொன்னால், அது என் பதிலின் பாதி. மீதிப் பாதி, 'நேற்று நகரவில்லை' என்பது.

இதை அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் ஃபரீதாவிடம் கேட்க வேண்டும் அல்லவா? போன ஞாயிற்றுக்கிழமை தேக்கா சந்தைக்கு ஆட்டிறைச்சி வாங்க வருவதாகச் சொன்னார். சந்தையை ஒட்டிய உணவங்காடியில் உட்கார்ந்தோம். இரண்டு தே தாரிக், நுரை வர ஆற்றிய பால் தேநீர். பக்கத்து மேசையில் யாரோ பிரியாணிக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவில், இதுவரை எழுதியதை அச்செடுத்த தாள்களை அவரிடம் கொடுத்தேன். அவருக்கு இப்போது முன்நெற்றியில் நரை. மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, மாணவரின் விடைத்தாளைத் திருத்துவது போல நிதானமாகப் படித்தார்.

"அண்ணே, சீஃப் வந்து நின்னப்ப நான் கோவத்துல சிவந்துட்டேன்னு எழுதியிருக்கீங்க. இல்லண்ணே. எனக்குக் கோவம் வரல. பயம்தான் வந்துச்சு. கைய மேசைக்குக் கீழ மறச்சு வச்சுக்கிட்டேன்."

"எனக்குத் தெரியலையேம்மா."

"நீங்கதான் கத்திக்கிட்டிருந்தீங்களே, எப்படித் தெரியும்?" என்று சிரித்தார். அந்த வரியை எடுத்துவிட்டேன். அதனால்தான் மேலே அது இல்லை.

"உன் பேர போடலாமாம்மா? போட்டா மறுபடி பேச்சு வரும்."

"என் மக போன மாசம் என் பேர போட்டுத் தேடியிருக்காண்ணே. அந்தப் பூஜ்ய விவகாரந்தான் முதல்ல வருது. 'உம்மா, நீங்க என்ன தப்பு பண்ணீங்க'ன்னு கேட்டா." தேநீரை ஒரு வாய் குடித்தார். "பேர முழுசா போடுங்க. ஃபரீதான்னு மட்டும் போடாதீங்க. ஃபரீதா பேகம்னு போடுங்க. தேடுனா இதுவும் வரட்டும்."

அவர் முன்னால் அழக்கூடாது என்று தேநீர் அதிகமாகச் சூடு என்று கடைக்காரரைக் கோபித்துக்கொண்டேன். ஃபரீதா அதற்குள் கடைசித் தாளுக்கு வந்திருந்தார். மேலிருந்து கீழே படித்துவிட்டு அடியில் ஓர் இடத்தில் விரலை வைத்தார்.

"இது வேணாம்ணே."

"எதும்மா?"

அவர் விரல் இருந்த இடத்தில், இப்படிப்பட்ட கட்டுரைகளை முடிக்கும் வழக்கப்படி நான் எழுதியிருந்த வரி இருந்தது. இதை எழுத அனுமதி தந்த ஃபரீதா பேகத்துக்கு என் நன்றி.

"ஒரு தடவ நன்றி போட்டாங்கல்ல, அது போதும்" என்று சொல்லி, என் சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து, அந்த வரியை அவரே கோடு போட்டு அடித்தார்.